பெல்லாந்தி வீட்டு நாய்

மூக்கு நுனியைப் பார்க்கும்படி மாரிச்சாமி வரைந்திருந்த நாய், சூளைக்குள் போய்வந்ததும் நேராக அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் அவன் அதைப் பெரிதுபடுத்தவில்லை. நெருப்பு செய்யாத சேட்டையா? மெருகுப் பூச்சு சூட்டில் தேன் மாதிரி இளகி ஓடும்போது கோடுகளும் கொஞ்சம் கூடவே போகும். போன மழைக்கு முன்னால் மரக்கம்பெனித் துரை ஒருவருடைய குலச்சின்னத்துக் கழுகு அலகு வளைந்து கிளியாகி வந்ததும், சூளைக்காரர் கபீர் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் அவனுக்கு நினைவிருந்தது. இந்த நாயின் ஒற்றைக் கண்மணி நடுவுக்கு நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான் என்று தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏப்பா, சாக்குத்துணி இல்லாம எடுத்திருக்கியே, கை சுடலையா?" என்றார் கபீர்.

"ஆறிப்போச்சு பாய்."

கபீர் ஒரு விரலால் தட்டைத் தொட்டார். "யா அல்லா!" என்று கையை உதறி வாய்க்குள் விட்டுக்கொண்டார். அவர் விரல் நுனி அதற்குள் கொப்புளமாய்ச் சிவந்திருந்தது. மாரிச்சாமி தட்டைப் பலகைமேல் வைத்துவிட்டுத் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். இரண்டிலும் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. வலி என்ற ஒன்று அங்கே இல்லவே இல்லை.

பசுண்டான் ஓடைக்கரையில் இருந்தது அந்தத் தகரக் கொட்டகை. இரண்டு பக்கமும் அரிசி ஆலைகள். உமி எரியும் புகையும், கடல் ஏற்றம் வடிந்த ஓடையின் சேற்று வாடையும், எங்கோ காயும் ஙாப்பிக் கருவாட்டின் நாற்றமும் கலந்து ஈரத்தில் ஊறி, சட்டையைக் கழற்றிப் போட்டாலும் உடம்பைவிட்டுப் போகாது. ஆடி மாதத்து ரங்கூன் மழை நடுப்பகலை விளக்கு வைக்கும் நேரம் போல ஆக்கிவிடும். இத்தாலியிலிருந்து வந்த பெல்லாந்தி துரை அந்தக் கொட்டகையில் வைத்துத்தான் ஊரிலுள்ள வெள்ளைக்கார வீடுகளுக்கெல்லாம் குலச்சின்னம் போட்ட தட்டுகள் செய்து கொடுத்தார். சின்னம் உள்ள குடும்பம் தன் சின்னத்தைக் கொடுக்கும். இல்லாத குடும்பத்துக்குத் துரையே ஒரு சிங்கத்தையும் இரண்டு வாளையும் போட்டுப் பரம்பரை உண்டாக்கிவிடுவார். மாரிச்சாமி அதற்கு முன்னால் கோயில் திருவிழாக்களுக்கு மண் குதிரையும் காவல் சாமியும் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தவன். ஒரு திருவிழாவில் அவன் கை போகும் போக்கைப் பார்த்துவிட்டுத் துரை கையோடு கூட்டிவந்துவிட்டார்.

வேலை லேசானதல்ல. ஒரு தரம் சுட்ட தட்டை, ஈயமும் வெள்ளீயமும் அரைத்துக் கரைத்த கூழில் முக்கி எடுப்பார்கள். அது காய்ந்தால் புதுச் சுண்ணாம்புச் சுவர் மாதிரி நிற்கும். கொட்டகையில் அதற்குப் பால் தட்டு என்று பேர். அதன்மேல் ஊசியால் குத்திய தாளை வைத்துக் கரிப் பொட்டணத்தால் ஒற்றினால், துளை வழியே கரி இறங்கிப் படம் புள்ளி புள்ளியாய்த் தெரியும். புள்ளிவழியே தூரிகையை ஓட்ட வேண்டும். பால் தட்டு வண்ணத்தை மடக்கென்று குடித்துவிடும். தப்பாக வைத்த கோட்டை அழிக்க முடியாது. வைக்கும்போது எல்லாமே சாம்பல் பொடிதான். நீலம் நீலமாவதும் கறுப்பு கறுப்பாவதும் சூளைக்குள்ளேதான்.

இந்தத் தட்டுகள் மட்டும் துரையின் சொந்த வீட்டுக்கு. மழை ஓய்ந்ததும் அவர் சம்சாரம் கப்பலில் வந்து இறங்கப் போகிறாள். அவளுக்காகப் பெல்லாந்தி குடும்பத்துச் சின்னம் போட்ட விருந்துத் தட்டுகள். அவருடைய அப்பா காலத்துக் குத்துத் தாளை, பட்டுத் துணியிலிருந்து பிரித்துக் கொடுத்துவிட்டு, மண் வாங்க மோல்மேனுக்குப் போகும்போது சொன்னார்: "மாரி, தாளில் என்ன இருக்கு, அதுமட்டும். ஒண்ணும் கூட வைக்காதே."

தாளில் ஒரு வாசல் இருந்தது. வாசலில் படுத்த வேட்டைநாய் ஒன்று இருந்தது. காது, பல், கழுத்துப் பட்டையின் ஆணி எல்லாம் இருந்தன. கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் துளை இல்லை.

பழைய தாள்களில் கரி அடைத்துத் துளை தூர்ந்துபோவது வழக்கம்தான் என்று மாரிச்சாமி நினைத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அந்த இடம் வழவழவென்று இருந்ததை அவன் கவனிக்கத்தான் செய்தான். ஆனாலும் கை கேட்கவில்லை. சாமி உரு செய்கிற குடும்பத்தில் பிறந்தவனுக்குக் கண் திறக்காத உரு பாதி வேலை. பாதி வேலையைப் புதுக்குடித்தனம் நடக்கப்போகும் வீட்டுக்கு எவனாவது அனுப்புவானா? துரைக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தான். முறைப்படியே செய்தான்: எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, சின்னக் கண்ணாடியை நாயின் முகத்துக்கு நேரே பிடித்து, அதில் பார்த்தபடியே ஒவ்வொரு தட்டிலும் கண்மணியை வைத்தான். திறந்த கண்ணின் முதல் பார்வை அதன் மேலேயே விழுந்து அடங்க வேண்டும். ஆள்மேல் விழுந்தால் அடங்காது. அடங்காத பார்வை தேடிக்கொண்டே இருக்கும். இது அவர்கள் தொழிலில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

ஒரே ஒரு தட்டைச் சின்னச் சூளையில் பரீட்சைக்கு வைத்தார்கள். அதுதான் இப்போது பலகைமேல் இருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. மீதியெல்லாம் பெரிய சூளைக்குள் அடுக்கி, வாயைச் செங்கல் வைத்து அடைத்து, கபீர் தீ மூட்டினார்.

"ஈயம்பா, ஈயம்," என்றார் அவர், அவன் கைக்குத் தேங்காயெண்ணெய் தடவியபடி. "கூழுல கையை விட்டு விட்டு உள்ள ஏறிருக்கும். வெரலு மரத்துப் போறது இந்தத் தொழில்ல உள்ளதுதான். மோரு நெறையக் குடி."

வீடு தின்கன்ஜூனில் இருந்தது. சாயங்காலம் அவன் வாசலில் கால் வைத்ததும் மகள் தங்கமணி ஓடி வந்து மடியில் ஏறி, அவன் கையைப் பிடித்து விரல் விரலாகச் சொடக்கு எடுப்பாள். அவளுக்கு முன்னே பிறந்த இரண்டும் அம்மையில் போய்விட்டன. இவள் ஒருத்திதான் நின்றாள். ஊரில் யார் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்டாலும் அவன் எழுந்து போய் இவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவான். அப்படிப்பட்டவன் அன்றைக்கு விரல்கள் நொடிக்கும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் கை தன் கைமேல் இருக்கிறதா இல்லையா என்பதே குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது.

"அப்பா, ஒங்க கை மீனு மாதிரி இருக்கு," என்றாள் அவள்.

"அங்க என்ன செஞ்சு தொலைச்சீக?" என்று மனைவி பவுனம்மாள் கொப்புளங்களைப் பார்த்துக் கலங்கினாள். "வைத்தியர்ட்ட காட்டாம இருக்கீகளே."

காட்டலாம் என்றான். காட்டவில்லை. அடுத்தடுத்த நாட்களில் மரமரப்பு மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு ஏறியது. அங்கிருந்து எங்கே போனது என்று அவனால் சொல்ல முடியவில்லை. வெற்றிலையில் காரம் இல்லை. மழையில் நனைந்தால் ஈரம் தெரிந்தது, குளிர் தெரியவில்லை. கொட்டகையில் குனிந்து வேலை செய்யும்போது பிடரிமேல் அந்தப் பார்வை இருப்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. தட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான். மறுநாள் அது இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. கபீர் திருப்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டான். கேட்கவில்லை.

ஒரு காலையில் தங்கமணி ஈரப் படியில் வழுக்கி விழுந்தாள். மோவாய் கிழிந்துவிட்டது. அவள் வீறிட்டு அழ, பவுனம்மாள் அடுப்பை விட்டு ஓடிவர, மாரிச்சாமி மூன்றடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ரத்தம் பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. நல்ல சிவப்பு, என்று நினைத்தான். இந்தச் சிவப்பு சூளையில் நிற்காது. பழுப்பாகிப் போகும்.

"தூக்குங்களேன்!" என்று கத்தினாள் பவுனம்மாள்.

தூக்கினான். பிள்ளை அவன் தோளில் முகத்தைப் புதைத்துத் தேம்பியது. நெஞ்சுக்குள் எப்போதும் ஒன்று பதறுமே, அதற்காக அவன் காத்துக்கொண்டு நின்றான். அது வரவில்லை. அப்போதுதான் மாரிச்சாமிக்குப் பயம் பிடித்தது. பயம் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அதுவும் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுகிற மாதிரி.

துரை மோல்மேனிலிருந்து அன்றைக்குத்தான் திரும்பினார். நனைந்த தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி கொட்டகைக்குள் வந்தவர், பலகையைப் பார்த்ததும் நின்றார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"கண் யார் வைச்சது?"

"நான்தான் துரை. தாளுல தூந்து போச்சுன்னு..."

"தூந்து போகலே. எங்க வீட்டு நாய்க்குக் கண் கிடையாது. ஒருநாளும் கிடையாது." அவர் தமிழ் உடைந்து, அவர் பாஷைக்குப் போய், மறுபடி வந்தது. "சின்னப் பிள்ளையிலே நான் ஏன்னு கேட்டேன். அப்பா அடிச்சார். அப்புறம் கேட்கலே."

சொல்லிக்கொண்டே செங்கல் உடைக்கும் சுத்தியலை எடுத்தார். தட்டைத் தரையில் போட்டு, குந்தி உட்கார்ந்து, இடக்கையால் பிடித்துக்கொண்டு ஓங்கி அடித்தார். முதல் அடிக்குத் தட்டு நாலாகப் பிளந்தது. நாயின் தலை இருந்த துண்டைப் பிடித்து மறுபடி அடித்தார். மறுபடி. தட்டு தூளானபிறகும் நிறுத்தவில்லை. சத்தம் மாறியது. ஓட்டின் சத்தம் போய் ஈரமான சத்தம் வந்தது. மாரிச்சாமி குனிந்து பார்த்தான். சுத்தியல் துரையின் கட்டைவிரல்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. விரல் என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை.

"துரை," என்றான்.

"ம்?" என்று நிமிர்ந்தார் துரை. முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. "உடைஞ்சுதா?"

கபீர்தான் அலறியடித்துக்கொண்டு வந்து சுத்தியலைப் பிடுங்கி, அவரைக் குதிரைவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வண்டி போனபிறகும் மாரிச்சாமி அந்த இடத்திலேயே நின்றான். மழை தகரத்தில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. வெள்ளைத் தூளும் ரத்தமும் கலந்த தரையைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, இத்தனை நாள் பிடிபடாதது பிடிபட்டது. பால் தட்டில் அவன் வைத்தது வெறும் பொடி. பொடிக்கு ஏது பார்வை? கண்ணாடியை வீணுக்குப் பிடித்திருக்கிறான். கண் திறந்தது நெருப்புக்குள். முதல் பார்வை, தட்டை வெளியே எடுத்த அவன்மேல்.

பெரிய சூளைக்குள் மீதித் தட்டுகள் எல்லாம் கண் திறந்து இருட்டில் உட்கார்ந்திருக்கின்றன. யார் முதலில் எதிரே வருவார்கள் என்று.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாரிச்சாமி போனபோது, சூளை ஆறட்டும் என்று கபீர் வாயின் மேல்வரிசைச் செங்கற்களை எடுத்துப் பக்கத்தில் படியாக அடுக்கிவிட்டிருந்தார். திறந்த இடம் கறுப்பாக இருந்தது. அனல் அடித்தது, அனல் என்று காற்று நடுங்குவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அவன் எதிரே போகாமல் பக்கச் சுவரோடு ஒட்டி நின்றான்.

"பாய், எட்டிப் பாத்தீகளா?"

"என்னத்தப் பாக்க? உள்ள கும்மிருட்டு. எட்டிப் பாத்தா மூஞ்சி வெந்து போகும்."

"நான் வீட்டுல போயி பெரிய கண்ணாடி கொண்டாறேன். அதை வாசலுக்கு எதிர நிப்பாட்டிட்டுத்தான் மிச்சக் கல்லை எடுக்கணும். அதுவரைக்கும் ஒருத்தரும் முன்னால வரக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

வேறொரு நாளாக இருந்தால் கபீர் கேலி செய்து மாளாது. துரையின் கையைப் பார்த்த பிறகு அவர் சிரிக்கவில்லை. "நான் ஜும்மாவுக்குப் போறேன். திரும்பி வந்துதான் கல்லைத் தொடுவேன். கேட்டைச் சாத்திட்டுப் போறேன். போயிட்டு வா."

வெளியே வந்தவன் ஓடைப் பாலத்தின்மேல் நின்றுவிட்டான்.

ஓட வேண்டும் என்று தெரிந்தது. ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. தண்ணீர் ஓடைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. நெல் மூட்டை ஏற்றிய சம்பான் படகு ஒன்று எதிர்க்கரைத் தாகேதா பக்கம் ஒதுங்கியது. தங்கமணி, என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். பேர் மட்டும் வந்தது. இரண்டு பிள்ளைகளைப் புதைத்த நாளை நினைத்துப் பார்த்தான். மண், மழை, யாரோ ஒருவன் அழுகிறான். அந்த ஒருவன் யார் என்று யோசித்துக்கொண்டு நின்றதில் எவ்வளவு நேரம் போயிற்றோ. பிறகு ஒரு காலைத் தூக்கி வைத்தான். அடுத்ததைத் தூக்கி வைத்தான். கால்களிடம் சொல்லிச் சொல்லித்தான் நடக்க வேண்டியிருந்தது.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்சவேணி முறத்தோடு எட்டிப் பார்த்தாள்.

"இப்பத்தானே போச்சு பவுனக்கா? காலையில சோத்துப்பானையத் தொடாம போயிட்டீகளாம். பிள்ளையையும் கூட்டிக்கிட்டு, தூக்குவாளியோட கொட்டாய்க்கே போயிருச்சு. படகுத்துறை வழியா."

படகுத்துறை வழி குறுக்கு வழி. மாரிச்சாமிக்கு அது தெரியும். அவன் நிதானமாகச் சாவியை எடுத்தான். கல்யாணத்துக்கு வாங்கிய கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றினான். அதைத் துணியில் சுற்றினான். அப்போதுதான், இதெல்லாம் இப்போது செய்கிற காரியமா என்று உள்ளே யாரோ கத்தினார்கள். கத்தியது தான்தான் என்று புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஓடினான். அல்லது கால்கள் ஓடின. வழியில் கண்ணாடி எதிலோ மோதி விரிசல் விழுந்தது. விளிம்பு கையைக் கிழித்தது. துணி நனைந்தது.

கேட் திறந்து கிடந்தது.

மழை விட்டிருந்தது. ஆலைகளும் ஓயும் தொழுகை நேரம். கொட்டகைக்குள் ஒரு சத்தமும் இல்லை. ஒரு வாசனை மட்டும் இருந்தது. அடுப்பில் இறைச்சி அடிப்பிடிக்கும் வாசனை.

"தங்கமணி," என்றான்.

அடுக்கிய செங்கற்களின்மேல் அவள் நின்றுகொண்டிருந்தாள். முதுகு இந்தப் பக்கம். இரண்டு கைகளும் சூளையின் கறுப்புக்குள். எதையோ இழுக்கிறாள். ஓடு ஓட்டில் உரசும் சத்தம். மெதுவாக, ஜாக்கிரதையாக.

திரும்பினாள்.

நெஞ்சோடு அணைத்து ஒரு தட்டு. விரல்களிலிருந்து புகை.

"நாய்க்குட்டிப்பா," என்றாள். "என்னையவே பாத்துச்சு. புடிச்சுப் பாருங்க. ஜில்லுன்னு இருக்கு."

அவள் சிரித்தாள். மோவாய்க் காயம் பிளந்துகொண்டது. அது அவளுக்குத் தெரியவில்லை.

பின்னால் தூக்குவாளி நிலத்தில் மோதியது. குழாயடியில் கால் கழுவிவிட்டு வந்த பவுனம்மாள் பார்த்துவிட்டாள். "ஐயோ என் பிள்ளை! ஐயோ! ஏங்க, புடுங்குங்க! புடுங்குங்களே!"

புடுங்க வேண்டும். தெரிந்தது. மாரிச்சாமி நின்றான். கையில் விரிசல் விட்ட கண்ணாடி. தட்டைப் பார்த்தான். மெருகு நன்றாக ஏறியிருந்தது. எங்கும் சுருங்கவில்லை. நீலம் நீலமாக வந்திருந்தது. வாசல், கழுத்துப் பட்டை, ஆணி. எல்லாம் சுத்தம்.

கண்மணி நகர்ந்தது.

அவனைத் தாண்டி. அவன் தோளுக்குப் பின்னால்.

அலறல் பாதியில் நின்றது.

அவன் திரும்பவில்லை. வளையல் சத்தம் கேட்டது. குனிகிறாள். கவிழ்ந்த தூக்குவாளியை நிமிர்த்துகிறாள். சிந்தியதைக் கையால் வழித்துத் திரும்ப அதற்குள் போடுகிறாள். புகை தகரக் கூரையைத் தொட்டுப் படர்ந்தது. பிள்ளை தட்டை விடவில்லை.

"சோறு ஆறுது," என்றாள் பவுனம்மாள், எந்த நாளும் சொல்கிற குரலில். "ரெண்டு பேரும் சாப்பிட வாங்க."